கேட்காமல் வைத்த கேள்வி

"இந்தச் சாட்சியை இப்போது குறுக்கு விசாரணை செய்யவில்லை. மற்றச் சாட்சிகளின் முதல் விசாரணை முடியும்வரை ஒத்திவைக்க அனுமதி கோருகிறேன்" என்று சொல்லிவிட்டு என் வக்கீல் நண்பர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு நாவலுக்கு நீதிமன்றக் காட்சி ஒன்று வேண்டியிருந்ததால்தான் அன்று அவரோடு போயிருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறி, மனப்பாடம் செய்த பிள்ளை பாடம் ஒப்பிப்பதைப்போல் முக்கால் மணி நேரம் பேசினார். இரகசியத் தகவல் வந்தது, எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினேன், லாரியை மறித்தேன், இருக்கைக்கு அடியில் சாக்கு இருந்தது, எடை போட்டேன், 22 கிலோ கஞ்சா. ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. இனிமேல்தான் வேடிக்கை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த சமயத்தில் நண்பர் இப்படிச் செய்துவிட்டார்.

என்னைவிட அதிகமாக ஏமாந்தவள் ஒருத்தி கடைசி பெஞ்சில் இருந்தாள். குற்றவாளிக் கூண்டில் நின்ற லாரி கிளீனர் பையனின் தாய். வெளியே வந்ததும் என்னை யாரென்று நினைத்தாளோ, கையைக் கூப்பிக்கொண்டு, "ஏன் சாமி, நம்ம வக்கீலய்யா ஒண்ணுமே கேக்கலியே? அவரு சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிடாதா?" என்றாள்.

எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்க வேண்டியதை அப்போதே கேட்காமல் பிறகு கேட்கிறேன் என்பவனை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. முகத்துக்கு நேரே கேட்டால்தான் கேள்வி. காலம் தாழ்த்திக் கேட்டால் அது சூழ்ச்சி. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டீக்கடையில் நண்பர் விளக்கினார். அவர் விளக்கத்தில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு தராசுதான் இருந்தது.

"சாக்கை எடை போட்ட தராசு எங்கிருந்து வந்தது? ஜீப்பில் கொண்டுபோனார்களா, பக்கத்துக் கடையில் வாங்கினார்களா? சாக்கோடு நிறுத்தார்களா, சாக்கைக் கழித்தா? இதுதான் நான் கேட்க நினைக்கும் கேள்வி. இன்றைக்கு இவரிடம் கேட்டால் இவர் ஏதோ ஒரு பதில் சொல்லுவார். சாயங்காலம் நாலு பேரும் ஒரே ஸ்டேஷனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அடுத்த வாய்தாவில் ஏட்டு வந்து அதே கடையின் பெயரைச் சொல்லுவார், கடைக்காரர் கட்டியிருந்த வேட்டியின் கரை உட்பட."

தராசுக்கு இத்தனை மதிப்பு எதனால் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் எடைதான் விதி. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் போனால் வியாபார அளவு. குற்றம் ருசுவானால் குறைந்தது 10 வருஷம், அதிகம் போனால் 20 வருஷம், ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம். 20-க்குள் இருந்தால் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று கிடையாது; நீதிபதி பார்த்து விதிப்பதுதான். ஆக, பையனுடைய பத்து வருஷம் அந்த இரண்டு கிலோவில் தொங்குகிறது. அதோடு, பொருள் அவன் வசம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், தனக்குத் தெரியாது என்று காட்டவேண்டிய பாரம் அவன் தலையில் விழுகிறது. சாதாரணத் திருட்டு வழக்கில் இப்படி இல்லை. எனவே அந்தச் சாலையோரத்தில் அந்த இரவில் நடந்தது என்ன என்பதே வழக்கு முழுதும். அதைப் பார்த்தவர்களோ பெரும்பாலும் காக்கிச் சட்டைக்காரர்கள்.

குறுக்கு விசாரணையைத் தள்ளிவைப்பது வக்கீல்கள் கண்டுபிடித்த தந்திரமல்ல. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 231-ஆம் பிரிவில் அது இருந்தது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 254-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது உரிமை அல்ல. நீதிபதி மனம் வைத்தால் கொடுக்கலாம், அவ்வளவுதான். எப்போது கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபரில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சாட்சியை மிரட்டவோ கலைக்கவோ இடம் உண்டா, இப்போதே கேட்டால் பின்னால் வருகிறவர்கள் தங்கள் வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்வார்களா, நாள் கடந்தால் ஞாபகம் போய்விடுமா என்றெல்லாம் எடை போட்டுப் பார்க்க வேண்டுமாம். அங்கேயும் தராசுதான்! அந்த வழக்கில் தள்ளிவைக்க அனுமதித்த ஹைகோர்ட்டின் உத்தரவை அது ரத்து செய்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நண்பர் பேசப் பேச எனக்குச் சிலம்பு ஞாபகம் வந்தது. பொற்கொல்லன் ஒருவனின் வாய்ச்சொல்லைக் கேட்டதும் பாண்டியன் காவலரை ஏவிவிட்டான். கேட்க வேண்டியிருந்தது ஒரே கேள்வி: சிலம்புக்குள்ளே இருக்கும் பரல் என்ன? அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கோவலனின் தலை போவதற்கு முன் அதைக் கேட்க ஆள் இல்லை. பிறகு கண்ணகி வந்தாள். குறுக்கு விசாரணையைத் தள்ளிவைத்ததற்கு நம் இலக்கியத்தில் இதைவிடக் கொடிய உதாரணம் இல்லை. ஆனால் வேறொன்றையும் கவனியுங்கள். கண்ணகி தன் சிலம்பில் மாணிக்கம் என்றதும், பாண்டியனே தன் தேவியின் சிலம்பில் முத்து என்று சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் கண்ணகியின் சிலம்பு உடைகிறது. எதிர்த்தரப்பு தன் வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை அதை உடையாமல் வைத்திருந்ததில்தான் அவளுடைய வழக்கின் பலமே இருக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். "நன்றாக இருக்கிறது. ஆனால் என் கட்சிக்காரனிடம் மாணிக்கச் சிலம்பு இருக்கிறதா என்று எனக்கே தெரியாதே" என்றார்.

இங்கேதான் எனக்கு இடறியது. பொய் சொல்லுகிறவர்களின் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். கலந்து பேசியிருப்பார்கள் அல்லவா? உண்மை சொல்லுகிறவர்களின் வார்த்தைகள்தான் சில்லறை விஷயங்களில் முரண்படும். ஒரு வீட்டுக் கலியாணத்துக்குப் போய்வந்த நாலு பேரைப் பந்தியில் என்ன பாயசம் என்று கேட்டுப் பாருங்கள். வருஷத்தில் நாற்பது சோதனைக்குப் போகும் ஒரு கான்ஸ்டபிள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தராசு எங்கிருந்து வந்தது என்பதை எப்படி நினைவில் வைத்திருப்பான்? நாலு பேரையும் பேசவிட்டுப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்கிற வக்கீல், பொய்யைப் பிடிக்க வலை விரித்து மறதியைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது நியாயமா?

"அதுவும் எனக்கு லாபந்தான்" என்று நண்பர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு கூடிற்று. அவர் செய்வதன்மேல் கூடவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கு. 1999 செப்டம்பரில் ஒரு சாட்சி அரசுத் தரப்பில் தெளிவாகச் சாட்சி சொன்னார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தது 2001 மே மாதத்தில். இடைப்பட்ட இருபது மாதத்தில் அந்த மனிதரை யார் பார்த்தார்களோ, என்ன பேசினார்களோ, எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டார். 2015-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கின் தீர்ப்பில் இந்த வழக்கத்தை மிகவும் கடிந்துகொண்டது. அதோடு, சாட்சி ஒரு பலவீனமான பெண்ணாக, தன் மானம் போனதை ஒருமுறை சொல்லவே நடுங்கியவளாக இருந்தால், அவளை மூன்று மாதம் கழித்து மறுபடியும் கூண்டில் ஏற்றுவது நியாயத்தின் பேரால் செய்யும் கொடுமை. அப்படிப்பட்ட வழக்கில் என் நண்பர் எழுந்து ஒத்திவைக்கக் கேட்டால் நான் அவரோடு டீ குடிக்கமாட்டேன்.

கஞ்சா வழக்கில் சாட்சி சம்பளம் வாங்கும் அதிகாரி. அவரை மிரட்டுவதற்கு ஒரு கிளீனர் பையனிடம் என்ன இருக்கிறது? மகஜரில் கையெழுத்துப் போட்ட பெட்டிக்கடைக்காரர் வேண்டுமானால் பிறழ்ந்து போகலாம். அவரை அன்றைக்கே விசாரித்துவிட்டுப் போகட்டும். ஆகவே கேள்வியைத் தள்ளிவைப்பது சரியா தவறா என்று மொட்டையாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. யாரிடம் கேட்கும் கேள்வியை, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் சொல்லலாம். ஓர் இரவுக்குமேல் என்றால் எனக்குச் சம்மதமில்லை. விசாரணை நாள்தோறும் தொடர்ந்து நடக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதன்படி நடந்தால் நாலு பேரையும் ஒரே நாளில் வெளியே நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே அழைத்து, ஸ்டேஷன் பெஞ்சுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடலாம்.

ஏறக்குறைய அப்படித்தான் அந்த நீதிபதியும் உத்தரவிட்டார். மூன்று வாரம் கழித்து நாலு பேரும் ஒரே நாளில் வரவேண்டும். முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் அன்றே முடியவேண்டும். அந்த நாளில் மூன்று பேர் வந்தார்கள். ஏட்டு திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். வாய்தா. அடுத்த முறை ஏட்டு வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிவிட்டிருந்தார். வாய்தா. இப்படி ஏழு மாதம். இந்தச் சட்டத்தில் ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்றவேண்டும். எனவே அந்த ஏழு மாதத்துக்கும் கணக்குத் தீர்த்தவன் ஜெயிலில் இருந்த பையன்தான். அவனுக்காகத் தள்ளிவைத்த கேள்வி. அவன் வயதிலிருந்து கழிந்த மாதங்கள். நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. நானும் போயிருந்தேன். தராசு ஜீப்பிலேயே இருந்தது என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு மளிகைக் கடையில் வாங்கி வந்தோம் என்றார் ஏட்டு. ஒரு கான்ஸ்டபிள் ஞாபகமில்லை என்றார். இன்னொருவர், தான் லாரிக்குப் பின்புறம் நின்றதாகவும் எடை போட்டதைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். கடைசியில் சொன்ன அந்த இருவரைப் பார்த்தால் எனக்கு உண்மை சொல்பவர்களாகத்தான் பட்டது. நண்பர் திருப்தியோடு காகிதங்களைக் கட்டினார்.

வராந்தாவில் அந்தத் தாய் காத்திருந்தாள். இந்தத் தடவை வக்கீல் நிறையக் கேட்டாரே, சந்தோஷந்தானே என்று விசாரித்தேன்.

"கேட்டாரு சாமி, நல்லாத்தான் கேட்டாரு. தராசைப் பத்தியே ஒரு மணி நேரம். எம்மவன் அந்த மூட்டைய வச்சானா இல்லையான்னு யாரும் யாரையும் கேக்கலியே?" என்றாள்.