தோட்டத்துச் சிறாரும் காமதகனமும்



கொத்மலைத் தோட்டத்து மாணாக்கனொருவனை "உன் ஊர் யாது?" என வினவின், அவன் சற்றே தயங்குதலைக் காண்கின்றோம். பாட்டன் ஊர் திருச்சிராப்பள்ளிச் சீமை. தான் பிறந்தது லயத்தில். காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தோருட் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சினோர் மரபினன் அவன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவன் முன்னோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையோ பல குடும்பங்களிற் தமையனை அக்கரைக்கும் தம்பியை இக்கரைக்குமாகப் பிரித்தது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை ஈந்தது. ஆயினும் அத்தயக்கம் நீங்கிற்றிலது.

அதனை நீக்குதல் பள்ளியின் கடனாம். மாசித் திங்களில் மலைநாட்டுத் தோட்டங்களிற் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடுவர். பாமரர் ஆட்டமென அதனை இகழ்வாருளர். அவருள் திருநீறு தரித்தாரும் இருத்தல் இரங்கத்தக்கது. எம்பெருமான் நெற்றிக்கண்ணாற் காமனை எரித்தலும், இரதி இரந்து நிற்றலும், அவன் மீண்டெழுதலும் கந்தபுராணத்துள்ளன அன்றோ? யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனமாகக் கேட்கப்படுவதனை, அவன் தந்தை முகத்திற் சாயம் பூசி ஆடுகின்றான். பகலெல்லாம் கொழுந்து பறித்த தாயும் குழந்தையை மடியிலிட்டு விழித்திருக்கின்றாள்.

ஆதலின், காமதகனம் கற்பிக்கும் நாளில், அது நிகழ்ந்த தலமாகிய திருக்குறுக்கையை மட்டும் கூறி நில்லாது, அம்மாணாக்கனை எழுப்பித் தன் தோட்டத்தில் அது நடக்குமாற்றைச் சொல்லச் செய்வீராக. இரதிவேடம் தரித்தவர் யாரென வினவுக. "என் சித்தப்பா" என்பான். வகுப்பிற் சிரிப்பெழின் அடக்கி, மேலே சொல்லவிடுக.