பதினெட்டு நடையும் தூதுவளைக் கீரையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆசார்யன் சிஷ்யன் வருமளவும் காத்திருப்பதா, அன்றிச் சிஷ்யனைத் தேடிச் செல்வதா என்ற வினா நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. எம்பெருமானார்க்கு முன்பு எழுந்தருளியிருந்த ஆசார்யர்களை அநுவ்ருத்தி ப்ரஸந்நர் என்றும், எம்பெருமானார் தொடக்கமாக உள்ளவர்களைக் க்ருபாமாத்ர ப்ரஸந்நர் என்றும் பெரியோர் வகுத்துரைப்பர். பின்தொடர்ந்து பணிசெய்து ஆர்த்தியை மெய்ப்பித்தவர்க்கே அர்த்தம் உரைப்பது முன்னவர் நெறி. ஆசை ஒன்றையே தகுதியாகக் கொண்டு கருணையாலே உரைப்பது பின்னவர் நெறி. இந்த வினா சென்ற ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் முன்னே வேறோர் உருவில் வந்து நின்றது.

அருளிச்செயலையும் வ்யாக்யானங்களையும் முதுநிலை மாணாக்கர்க்கு இணையவழியே பயிற்றுவதும், அவர்தம் ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருப்பதும் சில ஆண்டுகளாக நமக்கு வாய்த்த கைங்கர்யம். 2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்துக்குப் பின் இவ்வழி பரவியதை வாசகர் அறிவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வைணவத்துக்கெனத் தனித் துறை உண்டு. திருப்பதியில் 1961-இல் தோன்றி 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமான ஸம்ஸ்க்ருத வித்யாபீடத்தில் விசிஷ்டாத்வைத வேதாந்தம் உண்டு. ஆயினும் ஊரைவிட்டு அங்கே சென்று தங்கிப் படிக்க எல்லார்க்கும் இயலுமோ? இயலாதவர்களே பெரும்பாலும் நம்மிடம் வருகின்றனர். அவர்களுள் பலர் நாளை தம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருப்பாவை சொல்லிவைக்கப் போகிறவர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியைச் சேர்ந்த ஓர் அம்மையார். முதற்பருவத்தில் அவர் எழுதிய கட்டுரைகளைக் கண்டு நாம் வியந்ததுண்டு. இரண்டாம் ஆண்டில் மாலை ஏழு மணி வகுப்புக்கு வருவார், பத்து நிமிடத்தில் மறைவார். பின்பு வருவதும் நின்றது. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் குறித்து மூன்று மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்றிலும் வாசகம் ஒன்றே. தேதியை மட்டும் மாற்றினோம். மறுமொழி வராதொழியவே அவர் பெயரெதிரே ‘தொடரவில்லை’ என்று குறித்துவிட்டு மற்றவரைக் கவனிக்கலானோம். ஆர்த்தி உள்ளவர் வருவர், எம்பெருமானார் பதினெட்டு முறை நடக்கவில்லையா என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

ஆடிப்பூரத் திருத்தேர் நிலைக்கு வந்தபின் வடபத்ரசாயி ஸந்நிதி வாசலில் அவரே வந்து தண்டம் ஸமர்ப்பித்தார்.

“ஏன் அம்மா படிப்பை விட்டுவிட்டீர்?” என்றோம்.

“அடியேன் விடலை, ஸ்வாமி. விட்டுப் போச்சு” என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வீட்டில் உள்ளது ஓர் அலைபேசி. பத்தாம் வகுப்பில் இருக்கும் மகனுக்கும் மாலையில் அதுவே வேண்டும். ஏழு மணி என்பது விளக்கேற்றி, படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவுத் தளிகை பார்க்கும் நேரம். “எத்தனையோ ராத்திரி தேவரீருக்கு எழுதுவேன். அனுப்பாம அழிச்சுடுவேன். இதையெல்லாமா சொல்றதுன்னு தோணும். தப்பு அடியேனுதுதான்.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர்க்கு எம்பெருமானார் நடந்த பதினெட்டு நடையையும் நம்பி கண்டார். ஒவ்வொரு முறையும் வாசலில் வந்து நின்றவரைப் பார்த்தே மறுத்தார். முடிவில் தாமே சொல்லியனுப்பி அழைத்ததும் அந்நடையை அறிந்திருந்ததனாலன்றோ? இந்த அம்மையார் எழுதி அழித்த மடல்களும் நடைகளே. அவை நம் வாசலை எட்டவில்லை. எட்டாதவற்றை இல்லாதவையாகவே எண்ணிவிட்டோம். காத்திருக்கும் ஆசார்யனுக்கு வருகிறவனுடைய அடிகள் கண்ணில் பட வேண்டும். படாத இடத்தில் காத்திருப்பதற்குப் பரீக்ஷை என்று பெயரிடுதல் தகாது. தொலைவிலிருந்து பயிற்றுவோர்க்கு முதற்சொல் சொல்லும் கடமை தம்முடையதே என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு முன்னோர் வழி இல்லாமலில்லை. ஆளவந்தார் ராஜபோகத்தில் இருந்த காலத்தில் மணக்கால் நம்பியால் அரண்மனை வாசலைக் கடக்க முடியவில்லை. மடைப்பள்ளியாளிடம் நாள்தோறும் தூதுவளைக் கீரை கொடுத்துவந்தார், ஆறு மாதம். பின்பு சில நாள் நிறுத்தினார். கீரை ஏன் இல்லை என்று ஆளவந்தாரே கேட்டார், வாசல் திறந்தது. நாதமுனிகள் தொடங்கி உய்யக்கொண்டார் வழியாகத் தம்மிடம் வந்த நிதியை உரியவரிடம் சேர்க்க வேண்டிய கடன் நம்பிக்கு இருந்தது. இவர் எம்பெருமானார்க்கு முற்பட்டவர், அதாவது அநுவ்ருத்தி ப்ரஸந்நர் வரிசையில் எண்ணப்படுபவர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். இன்னொன்றும் காண்க: அவர் ஆளவந்தாரின் அந்தரங்கத்தைத் துருவவில்லை. அவர் உண்ணும் உணவுக்குள் தாம் புகுந்தார். வீட்டுக் கஷ்டத்தை விசாரிக்கிறோம் என்று மாணாக்கியரைக் கூசச் செய்யும் நெறியாளர்களும் உண்டாகையால் இதைச் சொன்னோம்.

நாற்பது மாணாக்கரை உடையவன் நாற்பது வீட்டுக்கும் கீரை கொண்டு செல்வது எங்ஙனம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு கேட்டால் மட்டும் அதற்கு வலு குறைந்துவிடுகிறது. திருப்பாவையில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் ஈறாக ஆண்டாள் பத்துப் பெண்களை அவரவர் வாசலில் சென்று எழுப்புகிறாள். ஒருத்தியை மாமன் மகளென்று உறவு சொல்லி அழைக்கிறாள். மற்றொருத்திக்கு அவள் முன்பு தந்த வாக்கை நினைப்பூட்டுகிறாள். ஒருத்தியை எழுப்பிய சொல்லால் இன்னொருத்தியை எழுப்பவில்லை. நாமோ ஒரே வாசகத்தை மூன்று முறை அனுப்பினோம்! பதினைந்தாம் பாசுரத்திலோ உள்ளிருப்பவளும் வெளியே நிற்பவர்களும் வாதாடுகின்றனர். உள்ளிருப்பவள் குற்றம் தன்னதென்றே ஏற்றுக்கொள்கிறாள். பிறர் சுமத்திய குற்றத்தையும் இசைவதே வைஷ்ணவ லக்ஷணம் என்று வ்யாக்யாதாக்கள் அதனைக் கொண்டாடுவர். அந்த அம்மையார் அதையே செய்தார். வெளியே நின்ற நமக்கு அந்த இசைவைக் காரணமாக்கித் தப்பிக்க உரிமை இல்லை.

கருணை என்பது மாணாக்கரின் வேலையை நாமே செய்து கொடுப்பதாகிவிடலாகாது. இணையவழியில் அதற்கு வாய்ப்பு மிகுதி. அரைகுறையை நிறைவென்று ஒப்பமிட்டு அனுப்பும் ‘கருணை’யையும் கண்டிருக்கிறோம். நஞ்சீயர் தந்த ஒன்பதினாயிரப்படி ஓலைகள் காவேரி வெள்ளத்தில் போனபின், நம்பூர் வரதராசர் தாம் கேட்டதை நினைந்து தாமே எழுதினார். தம் நெஞ்சில் பட்ட விசேஷார்த்தங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் அதை வாசித்து வேறுபாட்டைக் கண்டுகொண்டு, நிகழ்ந்ததைக் கேட்டறிந்து, ‘நம்பிள்ளை’ என்று அணைத்தார். எழுதியவர் சிஷ்யரே. வரிதோறும் வாசித்து எங்கே தம் சொல் முடிந்து அவர் சொல் தொடங்குகிறது என்று அறிந்தது ஆசார்யர் செய்த பணி. கிடைத்த அத்தியாயத்தை முழுதும் வாசியாமல் ‘நன்று’ என்று எழுதும் நெறியாளருக்கு இந்தப் பணி வாய்ப்பதில்லை.

வ. புதுப்பட்டி அம்மையாருக்கு இப்போது வகுப்பின் ஒலிப்பதிவை அனுப்புகிறோம்; மாமியார் உறங்கும் பிற்பகலில் கேட்கிறார். ஐயங்களையும் எழுதாமல் குரலிலேயே பதிந்து அனுப்புகிறார், சில சமயம் பின்னணியில் குக்கர் ஓசையோடு. ‘தொடரவில்லை’ என்ற குறிப்பை அடித்துவிட்டோம். இரண்டாம் அத்தியாயம் இன்னும் வந்தபாடில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாமே அழைப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.