உடைப்பதா, காப்பதா?

பொன் என்றதும் நம் கண்முன் நிற்பது நகை. நகையாவதற்கு முன் அது கட்டி. கட்டியாவதற்கு முன் அது கல். அந்தக் கல்லைக் கண்டவர் நம்மிடையே மிகச் சிலரே. கோலார் தங்கவயலில், 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்படும்வரை, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் நிலத்தின் ஆழத்தில் இறங்கி வெட்டியெடுத்தது அத்தகைய கல்லைத்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் உரசித் தீப்பொறி பறக்கவிட்டு விளையாடும் வெங்கச்சங்கல் இருக்கிறதே, அதுதான் பொன்னின் பிறந்த வீடு. குவார்ட்ஸ் என்பர் நூலோர்.

பூமிக்கடியில் பாறை பிளந்த இடுக்குகளில் கொதிநீர் தாதுக்களைக் கரைத்துச் சுமந்தபடி மேலேறுகிறது. அந்நீர் ஆறும்போது வெங்கச்சங்கல்லும், அதன் நடுவே சிறிது பொன்னும் படிகின்றன. பெரும்பாலும் அப்பொன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு டன் கல்லை அரைத்தால் சில கிராம் தேறும், அவ்வளவே. வெண்கல்லின் மேனியில் பொன் கொடியோடியது போல் வெளிப்படத் தோன்றும் துண்டு மிக மிக அரிது. அத்தகைய துண்டுக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. உடைத்து உருக்கினால் பொன்னின் எடைக்குரிய விலை கிட்டும். உடைக்காமல் வைத்தால், அரியன சேர்ப்போர் அதனினும் மேலான விலை தருவர். ஆனால் ஒருமுறை உடைத்துவிட்டால் உலகத்துப் பொற்கொல்லர் எல்லாரும் கூடினாலும் அக்கல்லை மீண்டும் ஆக்க இயலாது. அப்படியொன்று கையில் கிடைத்தவன் செய்யத்தக்கது யாது? உடைப்பதா, காப்பதா?

இக்கேள்வி ஒரு மனிதனின் வாழ்வில் மிகப் பெரிய வடிவில் எழுந்தது. பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் 1838இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். 1858இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலேறி வந்தார். லூயி பேயர்ஸ் என்னும் தோழருடன் ஹில் எண்ட் என்ற மலைப்பகுதிக்குச் சென்று பொன் தேடலானார்.

பொன் தேடுவோர் வாழ்க்கை எளிதன்று. ஓடையில் இறங்கித் தட்டில் மணலை அலசவேண்டும். அடியில் தங்கும் பொன்துகளின் முனை மழுங்கியிருந்தால் அது நெடுந்தூரம் உருண்டு வந்தது. கூராக இருந்தால் தாய்ப்பாறை அருகில் இருக்கிறது. அக்குறியைப் பற்றிக்கொண்டு சரிவிலேறி, குழி தோண்டி, பாறையை வெடிவைத்துப் பிளக்கவேண்டும். தோண்டிய குழிகளில் பெரும்பாலானவை வெறுங்குழிகளே. ஹோல்டர்மன் பல்லாண்டுகள் வெறுங்கையராக இருந்தார். வெடிமருந்து முந்தி வெடித்து உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. வேறு வேலைகள் செய்து வயிறு கழுவினார். 1871இல்தான் நஸீபு திறந்தது. வளமான பொற்படிவு ஒன்று வெளிப்பட்டது.

1872 அக்டோபர் 19ஆம் நாள் இரவு, ‘ஸ்டார் ஆஃப் ஹோப்’ என்னும் அவர்களது சுரங்கத்தில் வைத்த வெடி ஒரு பெரும் பலகையைப் பெயர்த்தது. கல்லும் பொன்னும் பின்னிப் பிணைந்த அப்பலகை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் 286 கிலோ எடையும் கொண்டிருந்தது. பொன் கலந்த பாறைத்துண்டுகளில் அதனினும் பெரியது அதுவரை கிடைத்ததில்லை. அதன் மதிப்பு 12,000 பவுண்டு எனக் கணித்தனர். அதற்கு மேலும் 1,000 பவுண்டு தருகிறேன், உடைக்காமல் எனக்கே விற்றுவிடுங்கள் என்று ஹோல்டர்மன் தம் நிறுவனத்தாரிடம் வேண்டினார். அவர்கள் மறுத்துவிட்டனர். கல் உடைபட்டது, பொன் பிரிக்கப்பட்டது.

உடைத்தவர்களைப் பழிக்க நாம் விரைய வேண்டியதில்லை. மகளின் திருமணத்துக்காகவோ, மகனின் மருத்துவத்துக்காகவோ உம்மம்மாவின் பழைய நகையை உருக்கக் கொடுத்த தாய்மார் நம் வீடுகளில் இல்லையா? அந்த வேலைப்பாடு இனி வராது என்று அவர்கள் அறியாமலா கொடுத்தார்கள்? அறிந்தே கொடுத்தார்கள், அழுதுகொண்டே கொடுத்தார்கள். தேவையுள்ளவரிடம் அழகைப் போற்று என்பது வயிறு நிறைந்தவன் செய்யும் உபதேசம். தேவைக்காக உடைப்பதில் குற்றமில்லை.

ஆனால் இங்கே கேட்ட விலைக்கு மேல் கொடுக்க ஒருவர் முன்வந்தாரே! காரணம் எதுவாயினும், தேவை என்னும் சொல் அம்மறுப்புக்குப் போதவில்லை. பசி தீர்ந்த பின்னும் பசியின் பழக்கம் தீர்வதில்லை. பல்லாண்டு கல்லை உடைத்தே வாழ்ந்த கைக்கு, உடைக்க வேண்டாத கல்லும் உண்டு என்பது எளிதில் விளங்குவதில்லை.

அப்படியானால் காப்பவர் மேலானவரா? அதுவும் முழு உண்மையன்று. எடைவிலையைக் காட்டிலும் அதிக விலை பெறும் என்பதனாலேயே ஒரு கல்லைப் பேழையில் பூட்டி வைப்பவரும் எடைதான் போடுகிறார். தராசு மட்டும் வேறு. உடைத்தவருக்கு அவசரம், இவருக்குப் பொறுமை, ஆசை ஒன்றே. ஹோல்டர்மனிடமும் பெருமிதம் இல்லாமல் இல்லை. கல் போன பின், அதனருகில் தாம் நிற்பது போன்ற நிழற்படம் ஒன்றை ஒட்டுவேலையால் செய்வித்துக்கொண்டார். அப்படத்துக்காக அவர் நின்றபோது பக்கத்தில் கல் இல்லை.

ஆயினும் அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. பொன்னால் வந்த செல்வத்தைச் செலவிட்டு, பியூஃபாய் மெர்லின், சார்லஸ் பேலிஸ் என்னும் கலைஞர்களைக் கொண்டு அந்நாட்டின் ஊர்களையும் மக்களையும் படம்பிடிக்கச் செய்தார். பொன்வயல் குடிசைகள், சிறு கடைகள், வாசலில் நிற்கும் பெண்டிர், குழந்தைகள், சுரங்க வாயிலில் களைத்து நிற்கும் தொழிலாளர் என யாவரும் கண்ணாடித் தகடுகளில் பதிவாயினர். 1885இல், தம் 47ஆம் பிறந்த நாளன்றே அவர் மறைந்தார். மறக்கப்பட்டுக் கிடந்த அத்தகடுகளில் ஏறத்தாழ 3,500, சிட்னியில் ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் 1951இல் கண்டெடுக்கப்பட்டன. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுத் திட்டத்தின் ஆஸ்திரேலியப் பதிவேட்டில் அவை சேர்க்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஹில் எண்ட் இன்று ஒரு சிற்றூர். அக்கல்லின் பொன் எந்தெந்த நாணயத்தில், எந்தெந்த மோதிரத்தில் கரைந்ததென எவரும் சொல்ல இயலாது.

உடைப்பதா, காப்பதா என்ற கேள்விக்கு, ஆதலால், கல்லைப் பார்த்து விடை சொல்ல இயலாது. மண்ணுக்குள் காலங்காலமாகக் கிடந்து ஒருவன் கைக்கு வந்த பொருள், அவனே ஆக்கிய பொருளன்று. அது அவனிடம் வந்த அமானிதம். உடைத்தாலும் காத்தாலும், அதில் தனக்கப்பால் யாருக்குப் பங்கு வைத்தான் என்பதே அவனை அளக்கும் கோல். ஹோல்டர்மன் தம் கல்லைக் காக்க முடியவில்லை. அக்கல்லைத் தேடி அலைந்த எளிய மனிதர்களின் முகங்களைக் காத்தார். இன்று நமக்கு எஞ்சியிருப்பவை அம்முகங்களே.