சார்ஜென்ட் வீட்டுக்கு வருவதில்லை

ராணுவப் பயிற்சி முடித்தவர்கள் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் துப்பாக்கிக் கதை வராமல் போகாது. கை நழுவிக் கீழே விழுந்த துப்பாக்கிக்கு சல்யூட் அடித்து மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டவனின் கதை; மூன்று முறை துடைத்துக் கொண்டுபோன குழாயைச் சார்ஜென்ட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே சிலந்தி குடும்பம் நடத்துகிறது என்று திருப்பி அனுப்பிய கதை. நம் கல்லூரிகளில் என்.சி.சி.க்குப் போனவர்களிடமும் இதே சரக்கு உண்டு. இந்தியில் வந்த கட்டளை பிடிபடாமல், அணி முழுக்க ஒரு பக்கம் திரும்ப, ஒருவன் மட்டும் மறுபக்கம் திரும்பிப் பக்கத்துப் பையனோடு மூக்கு உரச நின்றதைச் சொல்லாத முன்னாள் கேடட் அரிது.

எல்லாவற்றிலும் சுவையானது காணாமல்போன தோட்டாக் கூட்டின் கதை. பாயின்ட் டூ டூ ரைஃபிளில் சுட்டு முடித்ததும், கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கைக்குக் காலிக் கூடுகள் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் நகர முடியாது. மொத்த அணியும் குனிந்து புல்லைக் கையால் விலக்கிக்கொண்டு முன்னேறும். சாப்பாட்டு வண்டி வந்து நிற்கும், சாம்பார் ஆறும், சுபேதார் வாயில் வராத வசவு இருக்காது. கடைசியில் அந்தப் பித்தளைக் கூடு, ஆரம்பத்திலிருந்தே தேடுவதில் முன்னணியில் நின்றவனின் பூட்ஸ் மடிப்பிலிருந்து விழும். முப்பது வருடம் கழித்தும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள்.

இவையெல்லாம் சிரிப்பில் முடிந்ததற்குக் காரணம் உண்டு. சுடுதளத்தில் தோட்டாவுக்குக் கணக்கு இருந்தது. குழாய் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. மீறினால் முதுகில் அறை விழுந்தது. சுட்டு முடித்தவன் போல்ட்டைத் திறந்து காட்ட, இன்னொருவர் உள்ளே எட்டிப் பார்த்து, காலி என்று உறுதி செய்த பிறகே எழுந்திருக்க முடிந்தது. தப்பு செய்ய அங்கே இடம் இருந்தது. அந்தத் தப்பு உயிரை எடுக்காதபடி பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தார். நினைவு அந்த ஆளைக் கேலிப் பாத்திரமாக்கிவிடுகிறது. அவர் செய்த வேலை மறந்துவிடுகிறது.

இந்த மறதிதான், படைவீரன் தன் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்வது சரியா என்ற கேள்வியைக் குழப்புகிறது. கேள்வி சூடாக விவாதிக்கப்பட்ட நாடு சுவிட்சர்லாந்து. அங்கே நிரந்தரப் படையினர் மிகச் சிலர். உடல்தகுதியுள்ள ஆண் குடிமக்கள் இளவயதில் பயிற்சிப் பள்ளிக்குப் போய், பிறகு பல ஆண்டுகள் அவ்வப்போது சில வாரப் பணிக்கு அழைக்கப்படுவார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய ராணுவத் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருக்கும். வார இறுதி ரயில்களில் சீருடை அணிந்த பையன்கள் முதுகுப் பையோடு ரைஃபிளையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவது அங்கே யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காத காட்சி.

ஏற்பாடு பிறந்தபோது அதற்கு வலுவான நியாயம் இருந்தது. எதிரி திடீரென எல்லை தாண்டினால், வீரன் வீட்டிலிருந்து தன் அணி கூடும் இடம் வரை ஆயுதத்தோடு போய்ச் சேர வேண்டும். அதற்காகவே சீல் வைத்த தகரப் பெட்டியில் 50 தோட்டாக்களும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். 2007-ல் அரசு அந்தத் தோட்டா வழங்கலை நிறுத்தி, கொடுத்தவற்றையும் திரும்ப வாங்கத் தொடங்கியது. தோட்டா இல்லாத துப்பாக்கியோடு எந்த எதிரியை வழிமறிப்பது? போர்த் தேவை என்ற காரணம் அன்றே தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது மரபும் நம்பிக்கையும்.

நம்பிக்கையை லேசாக ஒதுக்கிவிட முடியாது. தன் குடிமகன் கையில் ஆயுதத்தைக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போ என்று சொல்லும் அரசு அவனை மதிக்கிறது. ஆயுதம் முழுவதும் ஆள்வோர் கையில் இருந்த நாடுகளில் என்னென்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் இந்த மதிப்பைச் சாதாரணமாக எடைபோட மாட்டார்கள். ராணுவத் துப்பாக்கிகளை ஆயுதக் கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்ற யோசனை 2011 பிப்ரவரியில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது, சுமார் 56 விழுக்காட்டினர் அதை நிராகரித்தார்கள். எங்களைச் சந்தேகப்படாதே என்பது அந்த வாக்கில் ஒலித்த குரல். ஆனால் கிடங்கில் வைக்கச் சொல்வது சந்தேகம் ஆகிவிடாது. வங்கிப் பெட்டகத்தை இரண்டு சாவி போட்டு இருவர் சேர்ந்துதான் திறக்கிறார்கள். அதனால் மேலாளரின் நேர்மைக்கு இழுக்கு வந்ததாக யாரும் நினைப்பதில்லை.

நேர்மையான மனிதனுக்கும் கெட்ட இரவு வரும். 2003-ல் தொடங்கிய படைச் சீர்திருத்தத்தில் சுவிஸ் படையின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வீட்டில் ராணுவத் துப்பாக்கி வைத்திருந்த ஆண்களும் அதற்கேற்பக் குறைந்தார்கள். அதன் பின் 18 முதல் 43 வயது வரையிலான ஆண்களிடையே தற்கொலை குறைந்தது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. துப்பாக்கி எட்டாதவர்கள் வேறு வழியைத் தேடிப் போயிருப்பார்கள் என்பது பலரும் சொல்லும் பதில். அப்படிப் போனவர்கள் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தார்கள் என்பது அந்த ஆய்வின் கணிப்பு. மற்றவர்கள் பிழைத்தார்கள். இஸ்ரேல் ராணுவம் 2006-ல், வார விடுமுறைக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்லும்படி செய்தது. வீரர்களின் தற்கொலை சுமார் 40 விழுக்காடு குறைந்தது. குறைந்ததும் பெரும்பாலும் வார இறுதி நாட்களில்தான். மற்ற நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. அதே பையன்கள், அதே பயிற்சி, அதே துப்பாக்கி. முகாமில் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான், வீட்டு அறையில் இல்லை.

இதைவிடக் கனமானது வீட்டில் இருக்கும் மற்றவர்களின் உரிமை. அரசு நம்பிக்கை வைத்தது வீரன் மேல். துப்பாக்கியோடு ஒரே கூரையின் கீழ் உறங்குவது அவன் மனைவியும் பிள்ளைகளும். 2006-ல் சுவிஸ் பனிச்சறுக்கு வீராங்கனை கொரின் ரே-பெல்லே கணவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். கணவர் படையில் கேப்டன்; சுட்டது ராணுவக் கைத்துப்பாக்கியால். தளபதிகள் அவரை நம்பியதற்குக் காரணம் இருந்திருக்கலாம். அந்த நம்பிக்கைக்கு ஈடாக வைக்கப்பட்ட உயிர் கொரினுடையது, அவரை யாரும் கேட்கவில்லை.

இலங்கைப் போருக்குத் தப்பி 1980-களில் சுவிஸுக்கு வந்த தமிழர்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டுக் குடிமக்கள். ஆண்பிள்ளைகளுக்கு ராணுவப் பணி அழைப்பும் வருகிறது. குடியுரிமை பெற்ற நாட்டுக்கு மகன் கடமை செய்வதில் அந்த வீடுகளுக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் துவக்கோடு வாசலில் நின்றவர்கள் யார் என்று பார்க்கவே பயந்த தெருக்களிலிருந்து வந்த தாய்க்கு, அதே பொருள் இப்போது மகனின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அவன் பயிற்சிப் பள்ளிக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கும்போது அவளும் சிரிக்கலாம். அவளுக்கு அதை வீட்டில் வைத்திருக்கச் சம்மதமா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

சட்டம் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும் என்பது விதி. விரும்பியவர்கள் காரணம் சொல்லாமலேயே துப்பாக்கியை ராணுவக் கிடங்கில் ஒப்படைக்கலாம் என்பது 2010 முதல் நடைமுறை. ஒப்படைப்பவர்கள் சிலரே. கேட்டுப் பெற வேண்டிய சலுகையை, அதிலும் ஆண்மையும் கௌரவமும் கலந்துவிட்ட விஷயத்தில், இருபது வயதுப் பையன் கேட்கத் தயங்குவான். மனம் சரியில்லாதவன் இன்னும் தயங்குவான். ஆகவே ஏற்பாட்டைத் திருப்பிப் போடுவதே நியாயம்: துப்பாக்கி கிடங்கில் இருப்பது இயல்பாகட்டும், வீட்டுக்கு வேண்டும் என்பவர் விண்ணப்பிக்கட்டும், அந்த விண்ணப்பத்தில் வீட்டிலுள்ள வயதுவந்தோர் எல்லோரும் கையெழுத்திடட்டும். ஆண்டுதோறும் 300 மீட்டர் தொலைவில் 20 தோட்டாக்கள் சுடும் கட்டாயப் பயிற்சி இதனால் தடைபடாது. அதற்கான தோட்டாக்களைச் சுடுதளத்தில்தான் கொடுக்கிறார்கள். துப்பாக்கியையும் அங்கேயே கொடுக்கலாம்.