அயல் புள்ளியின் சாட்சி

பாடசாலை விடுமுறையில் கொழும்புக்குப் போயிருந்தபோது, வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து ஸ்டூடியோ ஒன்றில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக்கொண்டேன். திரையில் அதைப் பெரிதாக்கியதும், நான் அணிந்திருந்த நுண்கோடு போட்ட சாம்பல் நிறச் சேர்ட்டில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுகள் தெரிந்தன.

"தம்பி, இந்த நிறம் எங்கிருந்து வந்தது?"

"அது கமரா நினைச்சுக்கொண்ட நிறம், சேர்" என்றார் அந்த இளைஞர். தலையைத் தூக்கி என் சேர்ட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு திட்டுகளைச் சாம்பலாக்கித் தந்தார்.

கமரா நினைத்துக்கொள்ளுமா? ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். அவர் சொன்னது மெய்தான்.

டிஜிட்டல் கமராவில் முன்னர் படச்சுருள் இருந்த இடத்தில் இப்போது சிலிக்கன் சில்லு இருக்கிறது. அதிலுள்ள இலட்சக்கணக்கான நுண்கண்கள் ஒளியின் அளவை அறியும், நிறத்தை அறியா. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் இதற்கொரு வழி கண்டு, 1976இல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு நுண்கண்ணின் மீதும் ஒரு நிற வடி: பாதிக் கண்களுக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். ஆகவே எந்தப் புள்ளியும் மூன்று நிறங்களில் ஒன்றையே நேரில் காண்கிறது. மற்ற இரண்டும், அயல் புள்ளிகள் கண்டதை வைத்து ஊகித்து நிரப்பப்படுகின்றன. நமது கைத்தொலைபேசிகள் உட்பட அநேகமான கமராக்கள் இவ்வழியையோ இதன் வகைகளையோதான் பின்பற்றுகின்றன. கோடுகள் மிக நெருங்கி வரும் இடத்தில் அந்த ஊகம் பிசகுகிறது. என் சேர்ட் நிறம் மாறிய கதை இதுதான்.

இந்த ஊகத்தை ஒழிக்க முயன்ற நிறுவனமும் உண்டு. கார்வர் மீட் என்ற விஞ்ஞானி முன்னின்று 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஃபோவியோன். சிலிக்கனுக்குள் நீல ஒளி மேற்பரப்பை அண்டியும், பச்சை அதனிலும் ஆழமாகவும், சிவப்பு இன்னும் ஆழமாகவும் உறிஞ்சப்படுகிறது. இந்த இயல்பைக் கொண்டு, ஒரே இடத்தில் மூன்று அடுக்குகளாக மூன்று நிறங்களையும் அளக்கும் சில்லை அவர்கள் 2002இல் வெளியிட்டார்கள். 2008இல் ஜப்பானின் சிக்மா நிறுவனம் ஃபோவியோனை வாங்கியது. ஆயினும் அந்தச் சில்லு உலகை வெல்லவில்லை. மங்கிய ஒளியில் அது தடுமாறியது. அடுக்குகளில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தே பதிவதால், அங்கும் கணக்குப் போட்டே நிறத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. அயலாரிடம் கேளாத கருவிக்கும் அனுமானத்திலிருந்து முழு விடுதலை கிடைக்கவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதைத் தொட்டிருக்கிறார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால் பார்வை உண்டாகிறது என்று நிறுவிய அவர், அத்தோடு நின்றுவிடவில்லை. நாம் காண்பவற்றில் பெரும்பகுதி அனுமானத்தால் அறியப்படுவது. பழக்கத்தால் அந்த அனுமானம் அத்தனை விரைவாக நடப்பதால் அதை நாம் உணர்வதில்லை என்றும் விளக்கினார்.

அப்படியானால் ஊகிப்பது குற்றமாகாது. ஊகமின்றிப் பார்வையே இல்லை. ஊகித்ததை மறந்து, 'கண்டேன்' என்று சாட்சி சொல்வதுதான் குற்றம் என்று எனக்குப் படுகிறது.

இதே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை, 2007 ஜூன் 7ஆம் திகதி பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். உயர் நீதிமன்றம் மறுநாளே அதைத் தடுத்தது. அவர்களில் ஒவ்வொருவரையும் யார் கண்டார்கள்? அயல் புள்ளிகளைக் கொண்டு நிரப்பினார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியதும் இதே கணக்கில்தான். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், தேடப்படுவோர் என்று பொலிஸார் வெளியிட்ட படங்களில் ஒன்று, எவ்வித தொடர்புமற்று அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. பெயர் ஒருத்தியுடையது, முகம் இன்னொருத்தியுடையது. பிழையை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்!

மற்றவர்களின் கணக்கை எழுதும் நான் என்னுடையதையும் எழுத வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் பணம் காணாமற்போனது. முன்பு களவில் அகப்பட்ட ஒருவனின் தம்பி அங்கே படித்தான். நான் முதலில் கொட்டிப் பார்த்தது அவனுடைய புத்தகப் பையைத்தான். பணம் அந்தப் பிள்ளையின் கொப்பிக்குள்ளேயே இருந்தது. அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்தேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கை உயர்த்தவே இல்லை.

அவனை நான் பார்த்திருக்கவில்லை. அவனுடைய அண்ணனைப் பார்த்து அவனை நிரப்பியிருந்தேன்.

ஸ்டூடியோ இளைஞருக்கும் கமராவின் ஊகந்தான் முதலில் கிடைத்தது. ஆனால் அவர் அது ஊகம் என்பதை அறிந்திருந்தார். எதிரில் சேர்ட் இருந்தது; தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்கு ஒரு நிமிடமும் செல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் அந்தப் பையனுக்குக் கொடுக்கவில்லை.