கலிலேயாவா, எருசலேமா?

1777-ல் ஜெர்மனியில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் பெயர் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்த கதையில் நான்கு சுவிசேஷங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பத்து இடங்களை எடுத்துவைத்து, இப்படி மாற்றி மாற்றிச் சொல்லும் சாட்சிகளை எந்த நீதிமன்றம் ஏற்கும் என்று அது கேட்டது. எழுதியவர் ஹாம்பர்க்கில் கீழை மொழிகள் கற்பித்த ரைமாருஸ். அவர் இறந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன; அந்தத் துணிச்சலை உயிரோடு இருந்தபோது அச்சிலேற்ற அவர் விரும்பவில்லை. வெளியிட்டவர் நாடகாசிரியர் லெஸ்ஸிங். அப்போது அவர் வொல்ஃபன்பியூட்டல் நூலகத்தின் பொறுப்பில் இருந்தார். பாதிரிமார்கள் கொதித்தெழுந்தார்கள்.

கேள்வி என்னவோ பழையதுதான். கல்லறையில் தேவதூதர் ஒருவரா இருவரா என்பதை இரண்டாம் நூற்றாண்டிலேயே கெல்சுஸ் என்ற கிரேக்கர் குத்திக்காட்டிவிட்டார். மாற்குவில் வெள்ளை அங்கி தரித்த ஒரு வாலிபன். மத்தேயுவில் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்காரும் ஒரு தூதன். லூக்காவில் பிரகாசமான உடையில் இரண்டு பேர். யோவானிலும் தூதர்கள் இருவர், ஆனால் சற்றுப் பிந்தித்தான் வருகிறார்கள். போன பெண்களின் பெயர்ப் பட்டியலும் இப்படியே மாறுகிறது. மகதலேனா மரியாள் மட்டும் நான்கிலும் உண்டு.

விபத்தை நான்கு பேர் பார்த்தால் நான்கு விதமாகத்தானே சொல்வார்கள் என்பது பிரசங்க மேடைகளில் கேட்டுப் பழகிய பதில். தூதர்களின் எண்ணிக்கைக்கு அது போதும். உண்மையில் அது சில்லறைச் சண்டை. ரைமாருஸின் பத்திலும் சில அந்த ரகம்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சீஷர்கள் உயிர்த்தெழுந்தவரை எங்கே பார்த்தார்கள்? அவர் உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார், அங்கே காண்பீர்கள் என்று மாற்குவின் வாலிபன் சொல்கிறான். மத்தேயுவில் பதினொரு சீஷர்களும் அங்கேதான் ஒரு மலையில் அவரைக் காண்கிறார்கள். லூக்காவிலோ அதே நாள் இரவு எருசலேமிலேயே தரிசனம். பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடுகிறார். நகரத்திலேயே தங்கியிருங்கள் என்கிறார். முதலில் எருசலேம், பிறகு கலிலேயா என்று வரிசைப்படுத்தினால் தீர்ந்தது என்பார்கள். யோவானில் அந்த வரிசை பொருந்துகிறது. லூக்காவில் கலிலேயாவுக்குப் போக வழியே இல்லை.

மாற்குவின் நூலை எதிரே வைத்துக்கொண்டுதான் மத்தேயுவும் லூக்காவும் எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கலிலேயா என்ற பெயரை லூக்கா நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே போங்கள் என்ற கட்டளையை, இயேசு கலிலேயாவில் இருந்தபோது சொன்னதை நினைத்துப் பாருங்கள் என்று திருப்பிவிடுகிறார். சாட்சியின் ஞாபகப் பிசகு இப்படி இருக்காது. இது எழுத்தாளர் தெரிந்தே செய்த வேலை. எருசலேமில் தொடங்கி ரோமாபுரி வரை செல்லும் திருச்சபையின் கதையை அடுத்த நூலில் அவர் எழுதப்போகிறார். அந்த அப்போஸ்தலர் நடபடிகளில் பரமேறுதல் நாற்பது நாள் கழித்து நடக்கிறது. அவருடைய சுவிசேஷத்தில் எல்லாம் ஒரே நாளில் முடிந்ததுபோல் இருக்கிறது. ஒரே ஆசிரியர், இரண்டு கணக்கு!

மாற்கு இன்னும் விசித்திரம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கைப்பிரதிகளில் அந்தச் சுவிசேஷம் 16:8-ல் நின்றுவிடுகிறது: பெண்கள் பயந்து ஓடினார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தரிசனமே கிடையாது. மீதி வசனங்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. இவர்கள் எல்லோருக்கும் முன்னால், சுமார் 55-ல் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், கேபா என்ற பேதுருவில் தொடங்கி ஐந்நூறு பேருக்கு மேல் தரிசனம் கண்டவர்களைச் சொல்கிறார். அதில் கல்லறைக்குப் போன பெண்கள் ஒருவர்கூட இல்லை.

முரண்பாடு சபைக்குத் தெரியாமல் இல்லை. 170 வாக்கில் தாத்தியான் நான்கையும் பிசைந்து ஒரே கதையாக்கினார். சிரியா நாட்டுச் சபைகள் அதை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரேத் என்ற ஆயர் இருநூறுக்கும் அதிகமான பிரதிகளை அப்புறப்படுத்தி, தனித்தனியான நான்கையும் திரும்பக் கொண்டுவந்தார். வழவழப்பான ஒரு கதை கையிலிருந்தும், முட்டிக்கொள்ளும் நான்கே போதும் என்று சபை தீர்மானித்தது. நான்கையும் ஒட்டவைக்கப் பாடுபடும் இன்றைய போதகர்கள், சபை ஒதுக்கிய அதே ஐந்தாம் சுவிசேஷத்தைத்தான் மறுபடி எழுதுகிறார்கள்.

ரைமாருஸும் எல்லை தாண்டினார். கதைகள் பொருந்தவில்லை, ஆகவே சீஷர்கள் உடலைத் திருடினார்கள் என்று தாவினார். லெஸ்ஸிங் அந்தத் தாவலுக்கு உடன்படவில்லை. ஒரே போரை லிவியும் பொலிபியுசும் வேறுவேறாகச் சொல்கிறார்கள் என்பதற்காகப் போரே நடக்கவில்லை என்று யாராவது சொன்னதுண்டா என்று 1778-ல் கேட்டார். முரண்பாடுகள் இல்லவே இல்லை என்று மழுப்பியவர்களையும் அவர் விடவில்லை. அந்த வருடமே பிரன்ஸ்விக் கோமகன் சமயம் குறித்த அவருடைய எழுத்துக்குத் தடை போட்டார். மறு வருடம் அவர் நாடகத்துக்குத் திரும்பி ‘ஞானி நாதான்’ எழுதினார்.

முரண்பாடு உயிர்த்தெழுதலைப் பொய்யாக்கவில்லை. நான்கும் ஒரே கண்சாட்சி அறிக்கை என்ற வாதத்தைத்தான் அது உடைக்கிறது. நம்புகிறவரும் நம்பாதவரும் மாற்கு 16, மத்தேயு 28, லூக்கா 24, யோவான் 20, 21 ஆகியவற்றை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து எடுத்து நிரப்பாமல் வாசியுங்கள்.