நாணமும் அச்சமும்

பொம்மையார்பாளையத்துப் பையன் ஒருவன் உதவித்தொகைக்காகக் கணக்குத் திறக்கத் தாயுடன் எங்கள் கிளைக்கு வந்தான். ஒன்பதாம் வகுப்பு. பெயரைக் கேட்டேன். தரையைப் பார்த்தான். "அது பேசாது சார், புது ஆளுன்னா அப்டியே நின்னுடும்" என்றாள் தாய். "அவனே சொல்லட்டும்" என்றேன் நான். பின்னால் வரிசை நின்றது, யாரோ சிரித்தார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெளியே போய்விட்டான். அவன் நன்மைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று அப்போது நம்பினேன்.

அன்று மாலை கடற்கரையில், படகைக் கரையேற்றும் ஆட்களுக்கு நடுவே, எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தான். ஆக, குறை தொண்டையில் இல்லை. பார்க்கிறார்கள், எடைபோடுகிறார்கள் என்ற பிரக்ஞையில் இருக்கிறது.

பொருட்பாலிலேயே அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் (73), நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் (102). வள்ளுவரிடம் குழப்பமில்லை. தகாத செயலுக்கு நாணுவதே அவருக்கு நாணம். இந்தப் பையன் எதுவும் செய்யவில்லை. பிறர் கண்ணில் படுவதற்கே நாணுகிறான். நாமோ இரண்டையும் ஒன்றாக்கி 'அடக்கமான பிள்ளை' என்கிறோம், பெண் என்றால் கூடுதல் மகிழ்ச்சியோடு. மறுபக்கம் பள்ளிக்கூடம், பேச்சுப்போட்டியில் முழங்குகிறவனுக்கு எவர்சில்வர் தட்டு தருகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல் தங்கள் நோய் வகைப்பாட்டில் இந்த அச்சத்துக்குத் தனி இடம் கொடுத்தார்கள். கூச்சத்தையெல்லாம் நோயாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அத்துறையார் சொல்லும் ஒன்று உறைக்கிறது: அஞ்சும் இடத்தைத் தவிர்க்கும்போது கிடைக்கிற நிம்மதிதான் அச்சத்துக்குத் தீனி. மகனுக்காகத் தாய் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அன்புதான் அதை வளர்க்கிறது. பழக்கவேண்டும் என்கிறார்கள், ஆனால் சிறு சிறு படிகளாக, குழந்தையும் சம்மதித்து. பேசச் சொன்னதல்ல என் தவறு. கடைசிப் படியில் கொண்டுபோய் நிறுத்தியதுதான்.

காந்தியைச் சொல்லி இத்தகைய பிள்ளைகளைத் தேற்றுவது வழக்கம். பள்ளி விட்டதும் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று வீட்டுக்கு ஓடியவர். லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் அவர் எழுதியதை வேறொருவர் படித்தார். பம்பாயில் மாமிபாய் வழக்கில் எழுந்து நின்றவருக்குக் கேள்வி எழவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். தன் கூச்சம் சொற்சிக்கனத்தைக் கற்றுத் தந்தது என்று பின்னால் எழுதினார். உண்மையாக இருக்கலாம். ஆனால் வென்றபின் திரும்பிப் பார்க்கிறவரின் கணக்கு அது. 1893இல் பிரிட்டோரியாவில், அங்கிருந்த இந்தியர்களின் நிலைபற்றி, தன் முதல் பொதுப்பேச்சைப் பேசினார். அன்று அவர் கவனம் தன்மேல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிரிட்டோரியாவை நாம் ஏற்பாடு செய்ய முடியாது.

நம் சிறுபத்திரிகைக்காரர்களும் மேடையைக் கேலி செய்தே வளர்ந்தவர்கள். மௌனி என்ற புனைபெயரிலேயே நமக்கொரு பெருமை. நம் கேலியில் எத்தனை பங்கு ரசனை, எத்தனை பங்கு பயம்? வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லாமல் வருகையை இழந்தவன் நான். என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் இருவரும் மறுபடி வந்தார்கள். பாஸ்புக்கை அவன்தான் நீட்டினான். "என்ன வேணும்?" என்று, அவனைப் பார்க்காமல், லெட்ஜரைப் பார்த்தபடி கேட்டேன். தாய் வாய் திறந்தாள். கையமர்த்தினேன். வரிசையிலிருந்து ஒருவர் "சார், சீக்கிரம்" என்றார். நான் ஏற்கெனவே கூட்டிய எண்களை மறுபடி கூட்டிக்கொண்டிருந்தேன்.